மாதத் தவணையும் சங்கச் சந்தாவும்



1941ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் பெரும் வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, இன்று கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். தோட்டத்துத் துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இனி இறங்க மாட்டோம், ஏறிய சைக்கிளிலேயே போவோம் என்பதுதான் அந்தக் கோரிக்கை.

சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும்; பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும்; பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிகளுக்கு மருத்துவ வசதியும் வேண்டும்; பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு வேண்டும்; கள்ளுக்கடைகளை மூட வேண்டும்; உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும்; சங்கம் அமைக்க உரிமை வேண்டும். இவை அவர்களின் மற்றக் கோரிக்கைகள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். அந்த ஆண்டு மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படைகள் வந்தன. ஐந்து தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள்.

இன்று நாம் எவரைக் கண்டும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் பின் காரும் வந்தது. ஆனால், மாதத் தவணை கட்டி முடியும் வரை அந்த வண்டியை விட்டு இறங்கவும் முடியாது. அதில் ஏறிப் போகிற வேலையை ஒரு நாள் நிறுத்தவும் துணிவு வராது. அன்று உயிரைப் பணயம் வைத்து ஒன்று கூடியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், இன்று ஒரு சங்கக் கூட்டத்துக்குக் கூடத் திரள முடியாமல் இருப்பது ஏன்? இதைத்தான் இன்றைய உரையில் நாம் சேர்ந்து எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் தோட்ட வாழ்க்கையை நினைவுக்குக் கொண்டுவருவோம். விடியுமுன் பெரட்டு. ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்குப் பால்மரம் வெட்டப் போவார்கள். எல்லாருக்கும் ஒரே முதலாளி, ஒரே சம்பள நாள். லயத்து வீடுகளோ ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், அந்தச் செய்தி அரைமணி நேரத்தில் லயம் முழுவதும் தெரியும். ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அன்று மாலையே கோயில் திடலில் பேசப்படும். ஒற்றுமை என்பதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது வாழ்க்கை முறையிலேயே இருந்தது.

அதனால் தோட்டத்தைப் பொற்காலமாகக் காட்டுவது நமது நோக்கமன்று. அங்கே வீடு முதலாளியுடையது. வேலை போனால் வீடும் போகும். சங்கத்தில் தீவிரமாக இருப்பவர் முதலில் அஞ்ச வேண்டியிருந்தது அதற்குத்தான். ‘முதலாளியின் கூரைக்கு வெளியே நமக்கென ஒரு வீடு’ என்பது நம் பெற்றோரின் நெஞ்சில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஏக்கம். ஆகவே தாமானுக்குக் குடிபெயர்ந்ததைப் பிழை என்று சொல்வதற்கில்லை. அது ஒரு விடுதலை. அந்த விடுதலைக்கு எவ்வளவு விலை கொடுத்தோம், அதை ஏன் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

இனி, சங்கங்களின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மலாயாவில் தொழிற்சங்க இயக்கம் வேகமாக வளர்ந்தது. பல தொழில்களைச் சேர்ந்தவர்களையும் பல இனத்தவரையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கு எஸ். ஏ. கணபதி தலைவராக இருந்தார். 1948இல் சட்டம் திருத்தப்பட்டது. சங்க நிர்வாகிகளுக்கு அந்தந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றும், ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாக இணையலாம் என்றும் வரம்பு வகுக்கப்பட்டது. சம்மேளனம் தடை செய்யப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கணபதி 1949ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். துறைமுகத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே அமைப்பில் கைகோக்கும் வழி அப்போதே அடைபட்டது.

அந்த எல்லைக்குள் நின்று வளர்ந்தவைதான் பின்னாளைய சங்கங்கள். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நீண்டகாலம் பணியாற்றினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த அந்தச் சங்கம், நாட்டின் மிகப் பெரிய சங்கமாக விளங்கியது. தொழிலாளர் குரல் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. தொழிற்சங்கவாதியான வி. டேவிட் 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் சோசலிஸ்டு முன்னணியின் சார்பில் பங்சார் தொகுதியில் வென்றார். கூலி, வேலைநேரம், வேலைப் பாதுகாப்பு ஆகியவை அன்றைய தேர்தல் மேடைகளில் முழங்கிய சொற்கள்.

பிறகு நிலம் கைமாறத் தொடங்கியது. 1950களிலும் 1960களிலும் அந்நியக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்ட நிலத்தில் எழுந்தது. சீஃபீல்ட் தோட்டத்தின் நிலம் சுபாங் ஜெயா ஆயிற்று. பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அங்கிருந்த குடும்பங்கள் 1990களின் இறுதியில் டிங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. நம் பெரியவர்கள் பால்மரம் வெட்டிய நிரையிலேயே இன்று நாம் கார் நிறுத்த இடம் தேடுகிறோம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையகமும் பெட்டாலிங் ஜெயாவிலேயே அமைந்தது.

வேலையும் மாறியது. 1970களின் தொடக்கத்தில் சுங்கைவே, பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் சுதந்திர வாணிப வட்டாரங்கள் தோன்றின. தோட்ட வாசலில் விடியுமுன் வந்து நிற்கும் தொழிற்சாலை பஸ்ஸில் நம் பெண்பிள்ளைகள் ஏறினார்கள். மின்னியல் தொழிற்சாலைகளில் நாடு தழுவிய சங்கம் அமைக்க அனுமதி கிடைக்கவில்லை. 1988இல் அந்தந்தத் தொழிற்சாலைக்குள் அடங்கிய உட்சங்கத்துக்கு மட்டுமே வழி திறந்தது. வட்டாரச் சங்கங்கள் அமைய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே துப்புரவு, காவல் போன்ற வேலைகள் குத்தகைக்காரர்களிடம் போயின. குத்தகை கைமாறும்போதெல்லாம் பழைய தொழிலாளி புதிய ஆளாகச் சேர்ந்து, முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அயல்நாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களைத் தோழர்களாகக் காணாமல் போட்டியாளர்களாகக் கண்டோம். முன்னாளில் சீனத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் வெவ்வேறு கூலி கொடுத்து இருவரையும் பிரித்து வைத்த கதையை நாம் மறந்துபோனோம்.

சங்கங்களிடமும் குறை இல்லாமலில்லை. பதவிக்கு வந்தவர்கள் நெடுங்காலம் அங்கேயே இருந்தார்கள். பால் வெட்டுவதில் பாதிப் பங்கு பெண்களுடையது. ஆனால் மேடை நாற்காலிகளில் அவர்களைக் காண்பது அரிதாக இருந்தது. தொழிலாளி தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் போனபோது, சங்கம் அவரைப் பின்தொடர்ந்து போகவில்லை. இன்று நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர்தான் சங்க உறுப்பினர்கள்.

இவ்வளவும் வெளியே தெரிகிற காரணங்கள். எளிதில் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. அது நம் வீட்டு வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.

தோட்டத்தில் கூலி குறைவுதான். ஆனால் மூன்று செலவுகளைத் தொழிலாளி கையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. குடியிருக்க லயத்து வீடு இருந்தது. வேலைக்கு நடந்தே போகலாம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. வீடு ஒழுகும், கொட்டகையில் வசதி போதாது, அவை வேறு. வீடு, வழி, பிள்ளை என்ற இந்த மூன்று பாரங்களும் தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் இருந்தன. புறநகருக்கு வந்த அன்றே மூன்றும் சத்தமில்லாமல் நம் கணக்குக்கு மாறிவிட்டன. அந்த மாற்றத்துக்கு எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் எவரும் கையெழுத்திடவில்லை.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோ முதலிய சிறு பிடித்தங்களும் போனால், கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. கணவனும் மனைவியும் வேலை செய்தால் 3,000 வெள்ளி. வீட்டு வாடகைக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் 800, இரண்டு மோட்டார் சைக்கிள்களின் தவணைக்கு 400, பெட்ரோலுக்கு 250, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,850. வேலைக்குப் போய் வருவதற்காகவே வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அரிசி, மீன், மின்கட்டணம், பள்ளிச் செலவு, மருந்து, ஊரில் இருக்கும் தாய்தந்தையருக்கு அனுப்புவது ஆகிய அனைத்துக்கும் எஞ்சியது 1,150 வெள்ளி. இடம் மாறினால் எண்கள் மாறும். ஆனாலும் கணக்கின் போக்கு நம்மில் பலருக்குப் பழக்கமானதே.

பணத்தைப் போலவே நேரமும் போகிறது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால், 26 வேலை நாள்களில் 52 மணி நேரம் சாலையில் கழிகிறது. 2023ஆம் ஆண்டு முதல் சட்டம் அனுமதிக்கும் வார வேலைநேரம் 45 மணி. ஆகவே ஒரு வாரத்துக்கும் அதிகமான வேலையை மாதந்தோறும் கூலியின்றிச் சாலைக்குக் கொடுக்கிறோம். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை வேண்டாம் என்று 1941இல் போராடினார்கள். வேலைநேரம் குறைந்தது. ஆனால் காலை ஐந்தரைக்குக் கதவைப் பூட்டி இரவு எட்டுக்குத் திறக்கிற நமக்கு அந்த நாள் மீண்டும் நீண்டுவிட்டது.

இப்படி நெருக்கப்பட்ட குடும்பத்தில் சங்கத்துக்கு என்ன இடம் இருக்கும்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் 65 வெள்ளி போகும். தவணை தவறினால் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் வாடகை நிற்கும். தோட்டத்தில் துரை சொல்லித்தான் வீட்டை விட்டு இறக்குவார்கள். இங்கே துரை தேவையில்லை. மாதம் பிறந்தாலே போதும். கடன் வாங்கியவர் தம் சொந்தக் கங்காணியாகத் தாமே மாறிவிடுகிறார். மிகைநேர வேலை கேட்டு வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமையும் போகிறார். ‘சங்கம் எல்லாம் நமக்கு எதற்கு?’ என்று அவர் சொல்வது ஆணவத்தால் அன்று, களைப்பால்.

இதில் மற்றொரு தீங்கும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் வேலை செய்கிறார், எதிர்வீட்டுக்காரர் ஷா ஆலமில், நாம் பூச்சோங்கில். மூவருக்கும் மூன்று முதலாளிகள், மூன்று சம்பள நாள்கள். மூவர் வீட்டிலும் ஒரே பற்றாக்குறைதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே கவலைப்படுகிறோம். தோட்டத்தில் பசி பொதுச் செய்தியாக இருந்தது. தாமானில் கடன் இரகசியமாக இருக்கிறது. கூலிக் குறைவால் வந்த துன்பத்தை நம் திறமைக் குறைவால் வந்தது என்று எண்ணி வெட்கப்படுகிறோம்.

அரசியலும் இதற்கேற்ப மாறிவிட்டது. அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு, பழுதான மின்தூக்கி என்று ஒவ்வொன்றாக மனுக் கொடுக்கிறோம். இவை தேவையானவைதாம். மதிப்பீட்டு வரி வாங்கும் ஊராட்சி மன்றத்துக்கு 1965 முதல் தேர்தலும் நடப்பதில்லை. ஆகவே மனுக் கொடுப்பதைத் தவிர வழியும் குறைவு. ஆனால் கூலி என்ற சொல் அந்த மனுக்களில் இல்லை. குடியிருப்பாளர் என்ற பெயரில் கோரிக்கை வைக்கிற நாம், தொழிலாளி என்ற பெயரை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டோம்.

நேயர்களே, நோயைச் சொன்னால் மருந்தையும் சொல்ல வேண்டுமல்லவா? பழைய தோட்டத்துக்குத் திரும்பிப் போக முடியாது, போகவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே செய்யக்கூடியவற்றை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவதாக, வீடு, வழி, பிள்ளை ஆகிய மூன்றையும் கூலிப் பிரச்சினையாகச் சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் அடிப்படைச் சம்பளத்தோடு போக்குவரத்துப் படியும், தொழிற்சாலை பஸ்ஸும், பிள்ளைக் காப்பகமும் பேசப்பட வேண்டும். சம்பளம் 200 வெள்ளி கூடி, சாலைச் செலவு 250 கூடினால் அது உயர்வாகாது.

இரண்டாவதாக, சங்கம் தாமானுக்கு வர வேண்டும். வேலை செய்யும் இடத்து வாசலில் நம்மைச் சந்திக்க முடியாவிட்டால், குடியிருக்கும் இடத்தில் சந்திக்கட்டும். ஞாயிறு மாலை சமூக மண்டபத்தில், பல தொழில்களைச் சேர்ந்தவர்களும் பல இனத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து சம்பளச் சீட்டைக் காட்டிப் பேசட்டும். மிகைநேரக் கூலி சரியாகக் கணக்கிடப்பட்டதா, சேமநிதி கட்டப்பட்டதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லலாம். பெண்கள் வரக்கூடிய நேரமாக அது இருக்க வேண்டும். பிள்ளைகளையும் அழைத்து வரலாம். அடுக்குமாடி வீடுகளின் நிர்வாகக் கூட்டத்துக்கும் போவோம். நாம் கட்டும் பராமரிப்புப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வீட்டுக் கணக்கைக் கேட்டுப் பழகிய நாக்கு, சம்பளக் கணக்கையும் கேட்கும்.

மூன்றாவதாக, சட்டத்தை அறிந்துகொள்வோம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் சொல்கிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்கவும் வழி பிறந்திருக்கிறது. இது இருமுனைக் கத்தி. இருப்பது செயல்படாவிட்டால் புதியதை அமைக்கலாம் என்பது நன்மை. பத்துப் பேர் பத்துச் சங்கம் வைத்தால் முதலாளிக்குத்தான் கொண்டாட்டம் என்பது தீமை. கத்தியை எப்படிப் பிடிப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

நான்காவதாக, கூட்டுறவு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து வெள்ளி முன்பணம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கியவர்கள் சாதாரணப் பால்மரத் தொழிலாளர்கள். அந்தச் சிறு தொகைகள் சேர்ந்துதான் தோட்டங்களையே விலைக்கு வாங்கின. அன்று பத்து வெள்ளி எடுத்து வைப்பது எளிதாக இருந்ததா? இல்லை. தனியாக வைத்திருந்தால் செலவாகிவிடும், சேர்ந்து வைத்தால் நிலமாகும் என்பதை அவர்கள் கண்டார்கள். பிள்ளைக் காப்பகத்துக்கும், அவசரக் கடனுக்கும், பகிர்ந்து செல்லும் வேனுக்கும் அத்தகைய முயற்சி இன்றும் பொருந்தும். வட்டிக்காரர் படி ஏறுமுன் கூட்டுறவின் படியை நாம் ஏறலாம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். நாம் ஒரு காலத்தில் ஒரே ஊராக இருந்தோம். ஆகவே தேர் தானாக நகர்வது போலத் தோன்றியது. இப்போது ஊர் சிதறிவிட்டது. தேரும் வடமும் அங்கேயே இருக்கின்றன. இனி ஒவ்வொருவராகப் போய்க் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும். வேலை கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாதத் தவணைகளின் பட்டியலில் சங்கச் சந்தாதான் மிகச் சிறியது. மற்றத் தவணைகள் கட்டி முடிந்தால் ஒரு வண்டி நமதாகும். ஒரு வீடு நமதாகும். சந்தா கட்டினால் பக்கத்தில் ஒருவர் இருப்பார். கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களுக்குச் சொந்த வீடு இல்லை, நிலம் இல்லை, சேமநிதியும் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தார். அதை நம்பித்தான் அவர்கள் மிதித்தார்கள்.

இன்றிரவு உணவின்போது வீட்டில் உள்ளவர்களோடு அந்த மூன்று செலவுகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவர் வீட்டுத் தாளிலும் ஏறக்குறைய அதே எண்கள்தாம் இருக்கும்.